சைகோன் போய் வந்ததிலிருந்து தூக்கமில்லை

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 64 வயது. புதுச்சேரியில் கணவரோடு இருக்கிறேன். பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் வெளியூரில். உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஏப்ரல் கடைசியில் வியட்நாமில் இருக்கும் சைகோன் போய்விட்டு வந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் படுக்கையில் கிடந்தபடி அந்தத் தெருக்களிலேயே நடந்துகொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஊதுபத்தி ஏற்றினால் கண் கலங்குகிறது. யாரிடம் சொன்னாலும் "நல்லாத்தானே போய்ட்டு வந்தே?" என்கிறார்கள்.

நான் பிறந்தது 1961இல், சைகோனில். புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதில்லை. இங்கே தெருவுக்குத் தெரு ஒரு சைகோன் குடும்பம் உண்டு, ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீடு உண்டு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் புதுச்சேரியும் காரைக்காலும் சைகோனும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தன. இங்கிருந்து போலீசிலும் அரசு அலுவலகங்களிலும் சந்தை வரி வசூலிலும் வேலை பார்க்க அங்கே போனார்கள். செட்டிநாட்டிலிருந்து போனவர்கள் வட்டிக்கடை வைத்தார்கள். நம் பக்கத்து முஸ்லிம்கள் துணிக்கடை வைத்தார்கள். என் தாத்தா காரைக்காலிலிருந்து போய்ப் போலீசில் சேர்ந்தவர். அப்பா அங்கே ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் கணக்கர். அம்மா வியட்நாமியர். அவரை நான் "மா" என்றுதான் கூப்பிடுவேன், அங்கே அப்படித்தான்.

எங்கள் வீடு பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரம். வெள்ளிக்கிழமை அப்பா மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போவார். அங்கே தமிழர்களைவிட வியட்நாமியர்களும் சீனர்களும்தான் அதிகம். மா கை நிறைய ஊதுபத்தியோடு அம்மனைக் கும்பிடுவார், அடுத்த நாள் புத்த கோயிலுக்கும் போவார். வீட்டில் இட்லியும் உண்டு, மீன் சாறு ஊற்றிய நூடுல்ஸும் உண்டு.

போர் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. 1968 தேத் (வியட்நாமியப் புத்தாண்டு) பண்டிகையின்போது எனக்கு ஏழு வயது. மாடிப்படிக்குக் கீழே மூட்டைகளுக்கு நடுவில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தோம். ஆனாலும் காலையில் ரொட்டிக்காரர் சைக்கிளில் வந்துவிடுவார்.

1975 ஏப்ரல் 30 அன்று வடக்கு வியட்நாம் படை சைகோனைப் பிடித்தது. எல்லாம் முடிந்தது. அல்லது எல்லாம் ஆரம்பித்தது. செப்டம்பரில் ஒரே அறிவிப்பில் பணம் செல்லாது என்றார்கள். பழைய 500 டோங்குக்குப் புதிய டோங் ஒன்று, அதுவும் ஒரு அளவுக்கு மேல் மாற்ற முடியாது. அப்பா மேசை மேல் நோட்டுக் கட்டுகளை அடுக்கி வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருடைய கம்பெனியும் மூடிவிட்டது. எங்களிடம் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் 1976இல் வெளியேற அனுமதி கிடைத்தது. நாங்கள் கிளம்பிய சில வாரங்களில் ஜூலை 2ஆம் தேதி ஊரின் பெயரையே ஹோ சி மின் நகரம் என்று மாற்றிவிட்டார்கள். மாவின் அம்மா, தங்கை, தங்கை குடும்பம் எல்லாம் அங்கேயே. பாட்டி இறந்த செய்தி கடிதத்தில் வந்து சேர்ந்தபோது மாதங்கள் ஆகிவிட்டன. மா அன்று சமைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவும் விடவில்லை.

மா நான்கு வருடத்துக்கு முன் இறந்தார். கடைசி நாட்களில் என்னிடம் ஒன்று கேட்டார். "என் படம் ஒன்றை என் அம்மா பக்கத்தில் கொண்டுபோய் வை." பாட்டி படம் இருக்கும் முன்னோர் பீடம் சித்தி வீட்டில் இருந்தது. சித்தி இப்போது இல்லை, அவர் மகள்தான் அந்த வீட்டில் இருக்கிறாள். எனக்கு இரண்டு வயது இளையவள். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்துத் தூங்கியிருக்கிறோம்.

அதனால்தான் போனேன். டிக்கெட் விலை பார்த்து மகன் தேதி போட்டான். அது போர் முடிந்த ஐம்பதாவது ஆண்டு விழா என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. நகரம் முழுக்கச் சிவப்புக் கொடி. லே துவான் தெருவில் அணிவகுப்பு பார்க்க இடம்பிடிக்க முதல் நாள் இரவே பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் பேத்தியும் அதில் ஒருத்தி. கன்னத்தில் மஞ்சள் நட்சத்திரம் வரைந்துகொண்டு, "பெரியபாட்டி, வாங்களேன், விமானமெல்லாம் பறக்கும்" என்று என்னையும் கூப்பிட்டாள். எவ்வளவு நல்ல பெண்! எனக்கு மூச்சு முட்டியது. தலைவலி என்று சொல்லி ஹோட்டலிலேயே இருந்துவிட்டேன். ஜெட் விமானங்கள் மேலே போன சத்தத்தில் கட்டிலுக்குக் கீழே போய்விடலாமா என்றிருந்தது.

எங்கள் வீட்டைப் பார்த்தேன். கீழே காபிக் கடை. மேலே யார் யாரோ. உள்ளே போய் ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தரையில் அதே பூப்போட்ட சிமெண்ட் ஓடு. பச்சையும் கருஞ்சிவப்பும். சுவர் ஓரத்தில் ஒன்று மட்டும் திருப்பிப் பதித்திருக்கும், பூ ஒட்டாது. நானும் தங்கையும் அதன் மேல் நின்றுதான் நொண்டி ஆட ஆரம்பிப்போம். அது அப்படியே இருக்கிறது. கடைப் பையன் "உங்களுக்கு வியட்நாமிய மொழி எப்படித் தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் பேசியது பழைய காலத்துப் பேச்சாம். சிரித்தான்.

அன்று மாலை தங்கை வீட்டில் சாப்பாடு. அவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பழைய கதையெல்லாம் பேசினேன், ஊர் இப்படி ஆகிவிட்டதே, மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்களே, நம்ம வீட்டில் யாரோ இருக்கிறார்களே என்று. அவள் தலையை நிமிர்த்தவில்லை. தண்டிலிருந்து இலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "நீங்கள் விமானம் ஏறிப் போய்விட்டீர்கள். நாங்கள் போபோ தின்றோம். இப்போது வந்து மரத்துக்கு அழுகிறாய்."

போபோ என்பது பஞ்ச காலத்தில் அரிசியோடு கலந்து கொடுத்த கடினமான ஒரு தானியம். எவ்வளவு வேகவைத்தாலும் மெல்ல முடியாதாம். அவள் அப்பா தெற்கு வியட்நாம் ராணுவத்தில் அதிகாரி. அவரை முகாமுக்கு அழைத்துப் போனது வரைதான் எனக்குத் தெரியும்.

மாவின் படம் என் கைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. எடுக்க வாய் வரவில்லை, கை வரவில்லை. அப்படியே திரும்பிக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது பீரோவில் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. தங்கை ஜாலோ செயலியில் செய்தி அனுப்புகிறாள். திறந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

என் கணவர் நல்லவர். ஆனால் அவர் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். "பதினஞ்சு வயசுல விட்ட ஊரு, அதுவும் உங்கப்பன் ஊரே இல்ல, இதுக்குப் போயி இப்படியா?" என்கிறார். தங்கையும் வேறு வார்த்தையில் அதையேதான் சொன்னாள். பட்டினி கிடந்தவள் அவள். நான் இங்கே வந்து படித்து வேலைக்குப் போய் நன்றாக இருந்தவள். துக்கப்பட எனக்கு உரிமை இருக்கிறதா? மாவின் படத்தைத் தபாலில் அனுப்பிவிடலாமா? மறுபடி ஒருமுறை போகலாமா, இல்லை இத்தோடு விட்டுவிடுவதுதான் நல்லதா?

பெயர் வேண்டாம்.
புதுச்சேரி

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, உடனே பதில் எழுத முடியாமல் எழுந்து போய்விட்டேன். உங்கள் தங்கை சொன்ன வாக்கியம் அப்படிப்பட்டது. அதைக் கேட்டுவிட்டு வந்த உங்களுக்குத் தூக்கம் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

உரிமை பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். துக்கத்துக்கு ரேஷன் கார்டு கிடையாது. யார் அதிகம் கஷ்டப்பட்டார்களோ அவர்களுக்கு மட்டும்தான் அழ அனுமதி என்று எந்த மனமும் நடந்துகொள்வதில்லை. உங்களுக்குப் பதினைந்து வயதில் போனது ஊர் மட்டும் இல்லை. பாட்டி, பள்ளித் தோழிகள், தெருவில் பேசிய மொழி, அப்பாவின் வேலை, அவருடைய தலைநிமிர்வு எல்லாமே ஒரே வருடத்தில் போயின. ஒன்றுக்கும் சடங்கு நடக்கவில்லை. யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை. "தப்பித்து வந்தீர்களே" என்றுதான் சொல்லியிருப்பார்கள். மா வாயைத் திறக்கவில்லை, நீங்களும் திறக்கவில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை அவர் சந்தித்தபோது, மனைவிமார் அழவும் முடியாமல் நம்பவும் முடியாமல் ஆண்டுக்கணக்கில் தவித்ததைப் பார்த்தார். ஆள் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத அந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். ஊரை இழப்பதும் இந்த வகைதான். ஊர் சாகவில்லை. அங்கேயே இருக்கிறது. வரைபடத்தில் பார்க்கலாம், விமானம் ஏறிப் போகலாம், காபி வாங்கிக் குடிக்கலாம். அந்த ஓடுகூட இருக்கிறது. ஆனால் நீங்கள் விட்டுவந்தது இல்லை. போகாமல் இருந்தவரை இரண்டும் ஒன்று என்று மனதை ஏமாற்ற முடிந்தது. போய் வந்த பிறகு முடியவில்லை. ஐம்பது வருடம் தள்ளிப்போட்ட அழுகை இப்போது வருகிறது. இது நோய் இல்லை.

மோரிஸ் ஐசன்புருக் என்ற மனநல மருத்துவர் தென்கிழக்கு ஆசிய அகதிகளோடு வேலை செய்தவர். ஊரையும் தெய்வங்களையும் முன்னோருக்குச் செய்யும் கடமையையும் சேர்த்து இழந்தவர்களுடைய வேதனையைப் போர் அதிர்ச்சி என்ற ஒரே பெட்டியில் அடைக்கக் கூடாது என்று அவர் எழுதினார். அதைப் பண்பாட்டை இழந்த துக்கமாகப் பார்க்கச் சொன்னார். செத்துப்போனவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் வந்துவிட்டோமே என்ற உறுத்தல் இந்தத் துக்கத்தில் பெரிய பங்கு வகிக்கும். உங்கள் கடிதத்தில் மாவின் படம் வரும் இடங்களைப் படித்தபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது.

சரி, இப்போது உங்கள் தங்கையிடம் வருகிறேன். உங்கள் தூக்கத்துக்கும் அவளுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதாக நினைக்கிறேன்.

நீங்கள் கிளம்பியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. "முகாமுக்கு அழைத்துப் போனது வரைதான் தெரியும்" என்கிறீர்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டில் என்ன நடந்தது என்று கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். தெற்கு ராணுவத்து அதிகாரிகளை மறுகல்வி என்ற பெயரில் முகாமுக்கு வரச் சொன்னபோது சிலரிடம் பத்து நாளுக்கு, சிலரிடம் ஒரு மாதத்துக்கு வேண்டியதை எடுத்து வரச் சொன்னார்கள். போனவர்களில் பலர் வருடக்கணக்கில் திரும்பவில்லை. சிலர் பத்து வருடத்துக்கும் மேல் உள்ளே இருந்தார்கள். வீட்டில் இருந்த பிள்ளைகளின் பின்னணியை எழுதிய ஏடு ஒன்று உண்டு. அப்பா பழைய ஆட்சியின் அதிகாரி என்று அதில் இருந்தால் கல்லூரிக் கதவும் நல்ல வேலையும் எட்டாது. 1978 மார்ச்சில் தனியார் வியாபாரத்தை மூடினார்கள். நகரத்துக் குடும்பங்களைப் புதிய பொருளாதார மண்டலங்கள் என்று காடு திருத்த அனுப்பினார்கள். அந்த வருடக் கடைசியில் கம்போடியாவுக்குள் படை போனது. 1979 பிப்ரவரியில் சீனாவோடு போர். ஊர்ப் பையன்களை மறுபடி ராணுவத்துக்கு எடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் படகில் ஏறிக் கடலுக்குப் போனார்கள், பலர் கரை சேரவில்லை. அரிசி, எண்ணெய், துணி எல்லாமே கூப்பனுக்குத்தான். 1986 டிசம்பரில் கட்சி மாநாடு பொருளாதாரக் கொள்கையை மாற்றிய பிறகுதான் நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது.

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. உங்களுக்குப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை புதுச்சேரியில் என்னென்ன நடந்ததோ, அதே வருடங்களில் அவளுக்கு இதெல்லாம் நடந்தது.

இதைச் சொல்வது உங்களைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுவதற்கு இல்லை. பதினைந்து வயதுப் பெண் யாரையும் கைவிட முடியாது. உங்கள் அப்பா கிடைத்த கதவு வழியாகப் பிள்ளையை வெளியே கொண்டுவந்தார். கதவு கிடைத்திருந்தால் உங்கள் சித்தியும் அதைத்தான் செய்திருப்பார். தங்கைக்கும் அது தெரியும்.

அப்படியானால் ஏன் அப்படிப் பேசினாள்? என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். அந்த வருடங்களைப் பற்றிப் பேச அவளுக்கு ஆள் இல்லை. அப்பா முகாமில் இருந்ததை அங்கே மேடை போட்டுச் சொல்ல முடியாது. பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் எதிர்காலத்துக்கு ஆகாது என்று அடக்கியிருப்பாள். பேத்தியிடம் சொன்னால் அவளுக்குப் புரியாது. ஊர் முழுக்க விழாக் கொண்டாடிய அந்த வாரத்தில் அவளும் ஏதாவது ஒரு தலைவலியைச் சொல்லி வீட்டிலேயே இருந்தாளோ என்னவோ! ஐம்பது வருடத்தில் அவள் கோபத்தைக் காட்டப் பாதுகாப்பான ஒரே ஆள் நீங்கள்தான். ஒரே பாயில் படுத்தவள், நடந்ததற்கு முன்னால் இருந்த அவளைத் தெரிந்தவள், யாரிடமும் போய்ச் சொல்லாதவள். அந்நியரிடம் யாரும் போபோ பற்றிப் பேசமாட்டார்கள்.

நீங்கள் அவளிடம் மரத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசினீர்கள். அதில் தப்பில்லை, கண்ணில் பட்டதைத்தானே பேச முடியும்? தோன் டுக் தாங் தெருவில் நிழல் கொடுத்த அத்தனை பெரிய மரங்களைப் பாலத்துக்கும் மெட்ரோவுக்கும் வெட்டியபோது அங்கேயே இருப்பவர்களும்தான் அழுதார்கள். ஆனால் நீ எப்படி இருந்தாய் என்ற கேள்விக்கு அவள் காத்திருந்தாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் அதே கேள்விக்குத்தான் காத்திருந்தீர்கள். ஊர் போய், மொழி போய், புதுச்சேரிப் பள்ளியில் பதினைந்து வயதில் "சைகோன்காரி" என்று பெயர் வாங்கி நீ எப்படி இருந்தாய் என்று உங்களையும் யாரும் கேட்டதில்லை. இரண்டு பேரும் கேட்காமலே சாப்பிட்டு எழுந்துவிட்டீர்கள்.

எனவே முதலில் செய்ய வேண்டியது, அந்த ஜாலோ செய்திகளைத் திறப்பது. வருடக்கணக்கில் பேசாதிருந்தவள் சண்டைக்குப் பிறகு தொடர்ந்து செய்தி அனுப்புகிறாள் என்றால் அவள் உங்களை விடவில்லை என்றுதான் பொருள். ஒரு மத்தியான நேரத்தில், கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திறங்கள். இரவில் வேண்டாம்.

அப்புறம் ஒரு குரல் செய்தி அனுப்புங்கள். எழுத்து வேண்டாம், உங்கள் பழைய காலத்துப் பேச்சிலேயே பேசுங்கள். கடைப் பையனுக்குச் சிரிப்பு வரும், தங்கைக்கு அது அவள் அம்மா பேசிய பேச்சு. நீளமாக விளக்கம் வேண்டாம். "எங்களுக்கும் கஷ்டம்தான்" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள், அது ஏலம் கேட்பதுபோல் ஆகிவிடும். "சித்தப்பா எப்போது திரும்பி வந்தார்? அதுவரை சித்தி எப்படிச் சமாளித்தார்? எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும்" என்று கேளுங்கள். அவள் உடனே பதில் சொல்லாமல் இருக்கலாம். வீட்டில் ஆள் இருக்கும்போது சொல்ல முடியாமல் இருக்கலாம். அவசரப்படுத்தாதீர்கள். ஆட்சி, கட்சி பற்றிய கருத்துகளை ஃபோனில் கிளறாதீர்கள், அவள் அங்கே வாழ வேண்டியவள்.

பாட்டியின் திதிக்கு வீட்டில் என்னென்ன சமைப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சந்திர மாதக் கணக்கில் அந்த நாளைக் கொண்டாடுவார்கள், இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். தேங்காய்த் தண்ணீரில் பன்றிக்கறியும் முட்டையும் வேகவைத்த அந்தத் தெற்கத்திச் சமையல் உங்களுக்கே தெரிந்திருக்கும். மாவுக்கு இங்கே தமிழ் முறையில் திதி கொடுத்திருப்பீர்கள். அவர் முறையிலும் ஒன்று செய்யுங்கள், உங்கள் புதுச்சேரி வீட்டிலேயே. படத்தைப் பீரோவிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். சைகோனுக்குப் போகும்வரை அது புடவைக்கு நடுவில் இருக்க வேண்டியதில்லை. தபாலில் அனுப்ப வேண்டாம். மா கேட்டது "கொண்டுபோய் வை" என்று.

பேத்தியைப் பற்றி இரண்டு வார்த்தை. அவள் கன்னத்து நட்சத்திரம் உங்களைக் குத்தியது இயல்புதான். வெளிநாட்டில் வாழும் வியட்நாமியர் பலர் அந்த மாதத்தைக் கறுப்பு ஏப்ரல் என்றே சொல்கிறார்கள். ஆனால் இன்றைய வியட்நாமியரில் பெரும்பாலோர் போருக்குப் பிறகு பிறந்தவர்கள். அந்தப் பெண்ணுக்கு அது குண்டு விழுவது நின்ற நாள், தோழிகளோடு இரவெல்லாம் விழித்திருந்த நாள். உங்கள் இழப்பை அவள் கொண்டாடவில்லை. அது இருப்பதே அவளுக்குத் தெரியாது. உங்களை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? கொள்ளுப்பாட்டியின் அக்கா, அதாவது உங்கள் மா, எப்படி இருப்பார், எப்படிச் சிரிப்பார் என்று அவளுக்குச் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை. அதிலிருந்து தொடங்கலாம். வரலாறு பிறகு தானாக வரும்.

உங்கள் வீட்டு மாடியில் இருக்கும் "யார் யாரோ" பற்றியும் ஒரு யோசனை. வெளியேறியவர்களின் வீடுகளை அரசு எடுத்து வேறு குடும்பங்களுக்குக் கொடுத்தது. அது உங்களுக்கு அநியாயம்தான், அதை நான் பூசி மெழுகமாட்டேன். ஆனால் அங்கே ஐம்பது வருடத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கும் அந்த ஓட்டின் மேல்தான் நொண்டி. வீட்டைத் திரும்ப வாங்க முடியாது என்பதை மனம் ஏற்றுக்கொள்ள இன்னும் நாள் ஆகும். ஆகட்டும்.

உங்கள் கணவருக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். ஐயா, மனிதருக்கு ஊர் என்பது அப்பன் வழியில் மட்டும் வருவதில்லை. முதலில் நடை பழகிய தரை, முதலில் பேசிய மொழி, அம்மாவின் அம்மா இருந்த வீடு, இவையும் ஊர்தான். உங்கள் மனைவி உங்களிடம் தீர்வு கேட்கவில்லை. மூன்று மணிக்கு அவர் விழித்திருந்தால் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுத்து, அந்தத் தெருவில் என்னென்ன கடை இருந்தது என்று கேளுங்கள், போதும்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் படுத்தே கிடக்காதீர்கள். எழுந்து வேறு அறையில் உட்காருங்கள், நினைவுக்கு வருவதைத் தமிழிலோ பிரெஞ்சிலோ எழுதுங்கள், கண் சொக்கினால் மறுபடி படுங்கள். மத்தியானத் தூக்கத்தைக் குறையுங்கள். ஆனால் பசி குறைகிறது, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்காமல் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் டெலி மானஸ் எண் 14416இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். விமானச் சத்தத்தில் கட்டிலுக்குக் கீழே போகத் தோன்றியதாக எழுதியிருந்தீர்களே, ஏழு வயதில் மாடிப்படிக்குக் கீழே இருந்த இரவு இன்னும் உடம்பில் இருக்கிறது. அதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு.

மறுபடி போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம், போகத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் ஏப்ரல் கடைசி வேண்டாம். மகன் டிக்கெட் விலை பார்த்துத் தேதி போடவும் வேண்டாம். பாட்டி திதி எப்போது வருகிறது என்று தங்கையிடம் கேட்டு, அவள் வா என்று சொல்கிற நாளுக்குப் போங்கள். மாவின் படத்தைப் பீடத்தில் வைக்க வேண்டியவள் அவள்தான், அதனால் படத்தைப் பற்றிக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய் பையிலிருந்து எடுக்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த முறை கணவரையும் அழைத்துப் போங்கள். அந்த மாரியம்மன் கோயிலை அவரும் பார்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்